கட்டி வெட்டிய இடத்தில் பஞ்சு ஷீட் வைக்கிறார்களாமே, யாருக்காவது அனுபவம் உண்டா?

கேள்வி, கீழக்கரை வாசகர், 2025 ஆகஸ்ட் 4

உம்மாவுக்கு 68 வயது. உச்சந்தலையில் ஒரு புண் இரண்டு வருடமாக ஆறாமல் இருந்தது. பயாப்ஸியில் தோல் புற்று என்று வந்துவிட்டது. வெட்டி எடுத்துவிட்டு, மண்டை ஓட்டின் மேல் பஞ்சு மாதிரி ஒரு செயற்கைத் தோல் ஷீட் வைப்போம், பிடித்த பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவோம் என்கிறார் டாக்டர். எலும்பின் மேல் எப்படிப் பிடிக்கும்? உள்ளே வியாதி மிச்சம் இருந்தால் இந்த ஷீட் அதை மூடி மறைத்துவிடாதா? அதில் என்னென்ன சேர்க்கிறார்கள் என்று உம்மா கேட்கிறார். ஏன் கேட்கிறார் என்று உங்களுக்குப் புரியும்.

ஆகஸ்ட் 4, இரவு 11.10

என் அப்பாவுக்கு இதே மாதிரி ஷீட் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம். போன வருடம் ஏப்ரலில். எங்களுக்குத் தங்கச்சிமடம். நான் டாக்டர் இல்லை, மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அந்தக் காலுக்கு ஏழு வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்ற அளவில் சொல்கிறேன்.

ஷீட்டை எல்லாரும் செயற்கைத் தோல் என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுதான் முதல் குழப்பம். அது தோல் ஏறுவதற்கான தரை. பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும். கீழிருந்து நம் உடம்பின் அணுக்களும் ரத்தக் குழாய்களும் அந்த ஓட்டைகளுக்குள் ஏறி வரும். மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் மூடி வைக்கும். 3 வாரத்தில் பிடித்துவிடும். அப்புறம் மேல் தாளை உரித்துவிட்டு, தொடைத்தோலைப் பப்படம் மாதிரி மெல்லிசாகச் சீவி ஒட்டுவார்கள். ஷீட் தானாகக் கரைந்துபோகும்.

எலும்புக்கு வருகிறேன். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு மிச்சம் இருந்தால் அதன் மேலேயே பிடிக்கும். சவ்வையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தால், மண்டை ஓட்டின் வெளி அடுக்கை ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும் வரை ராவிவிட்டு அதன் மேல் வைப்பார்கள். ரத்தம் வராத இடத்தில் எதுவும் ஏறாது. வறண்ட எலும்பு பாறை மாதிரிதான்.

மற்ற இரண்டு கேள்விக்கும் நாளை எழுதுகிறேன். கரண்ட் போய்விட்டது.

ஆகஸ்ட் 5, காலை 6.20

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு.

3 வாரம் என்றது மாட்டுக் கொலாஜனில் (தோலுக்கும் நாருக்கும் உறுதி கொடுக்கும் புரதம்) செய்த வகைக்கு, அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். அதற்கே 4 வாரம் ஆவதுண்டு. அப்பாவுக்கு வைத்தது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை நுரை. அதற்கு 5 வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். எனக்கு ஏன் 3 என்று வந்ததென்றால், எங்களிடம் முதலில் யாரோ 3 என்று சொல்லி, அந்த 3-ஐ நம்பி நான் லீவு போட்டேன். இன்னும் அது மண்டையில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, ஷீட் தானாகக் கரையும் என்றேன். கீழே இருக்கும் நுரைதான் கரையும், அதற்கும் ஒன்றரை வருடம் வரை ஆகும். மேல் தாள் கரையாது, உரித்தே எடுக்க வேண்டும். அப்பா அது தானாக உதிரும் என்று நினைத்து ஓரத்தை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 6, இரவு 9.45

உம்மாவின் கேள்விக்கு.

எல்லா ஷீட்டும் ஒரே சரக்கு இல்லை. பழைய, பேர்பெற்ற வகை இன்டெக்ரா. அமெரிக்காவில் ஜான் பர்க் என்ற தீக்காய சர்ஜனும், எம்ஐடி பேராசிரியர் அயோனிஸ் யான்னஸும் சேர்ந்து உண்டாக்கியது. 1981-ல் 10 தீக்காய நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்ததை வெளியிட்டார்கள், 1996-ல் அங்கே அரசு அனுமதி கிடைத்தது. அதில் கீழ் அடுக்கு மாட்டின் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனும், சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் கலந்தது. மேல் அடுக்கு சிலிக்கோன்.

ஆமாம், சுறா. நான் வாசித்துக் காட்டியபோது அப்பா நம்பவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு கொடுப்பதை அமெரிக்காக்காரன் எங்கிருந்து தெரிந்துகொண்டான் என்று கேட்டார்.

பன்றியிலிருந்து செய்வதும் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்து கோலிடெர்ம் என்ற ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். புண்ணுக்கு நல்ல பொருள், ஆனால் உங்கள் வீட்டில் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அப்பாவுக்கு வைத்தது நோவோசார்ப் பிடிஎம். ஆஸ்திரேலியாவில் செய்வது, அடிலெய்டு தீக்காய சர்ஜன் ஜான் கிரீன்வுட் இதற்குப் பின்னால் இருந்தவர். அதில் ஆடு, மாடு, மீன், பன்றி எதுவும் இல்லை. முழுக்க ரசாயனம், 2 மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளை நுரை. உம்மாவுக்கு மனசு ஒப்பாது என்றால் டாக்டரிடம் பொருளின் பெயரைக் கேளுங்கள், "செயற்கைத் தோல்" என்ற பொதுப்பேரோடு விட்டுவிடாதீர்கள். மாடு ஆகுமா, சுறா ஆகுமா, உயிர் காக்கும் மருந்து என்றால் என்ன விதி, இதெல்லாம் உங்கள் ஆலிம் சொல்ல வேண்டியது, நான் வாயைத் திறக்க மாட்டேன். எங்கள் பக்கம் ஒரு பெரியவர் மாட்டுச் சரக்கு வேண்டாம் என்று வேறு காரணத்துக்காகச் சொன்னார். அவருக்கும் அதே பதில்தான் சொன்னேன்: முதலில் பெயரைக் கேளுங்கள்.

ஆகஸ்ட் 6, இரவு 9.58

"தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில் இருக்கிறதே, அங்கே போகலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, அது செருப்புத் தோல். கொலாஜன் ஆராய்ச்சியும் செய்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் உம்மாவை அங்கே கூட்டிப்போனால் அளவெடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ஆகஸ்ட் 9

இனி முக்கியமான கேள்வி, மிச்சம் இருந்தால் மறைத்துவிடாதா என்பது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும், நாங்கள் பட்டது அதில்தான்.

அப்பாவுக்கு 24 வயதில் படகில் மண்ணெண்ணெய் அடுப்பு சாய்ந்து கால் வெந்தது. ஆறி, சுருங்கிய தழும்பாக முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தது. அப்புறம் அதில் ஒரு வெடிப்பு. உப்புத்தண்ணீர், வலைக்கயிறு உரசல், ஆறும், மறுபடி வெடிக்கும். ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வருடத்துக்கு மேல் மருந்து வைத்துக் கட்டினார்கள், துண்டு எடுத்துப் பரிசோதிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பழைய தீக்காயத் தழும்பில் வரும் புண் புற்றாக மாறும் என்பதை மார்ஜோலின் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரால் சொல்கிறார்கள். 1828-ல் அவர் தழும்புப் புண்களைப் பற்றி எழுதியதால் அந்தப் பெயர். வேட்டி, சேலை இறுக்கிக் கட்டும் இடுப்பில்கூட இப்படி வருவது உண்டு, நம் நாட்டு டாக்டர்கள் அதற்கு சேலைப் புற்று என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குத்தான் தெரியவில்லை.

மதுரையில் வெட்டினார்கள். புண்ணைச் சுற்றி நல்ல தோலையும் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சேர்த்து எடுத்தார்கள். கீழே தசைநார் ஒரு இடத்தில் வெள்ளையாகத் தெரிந்ததாம். வெறும் தொடைத்தோலை அங்கே ஒட்டினால் பிடிக்காது, பிடித்தாலும் நாரோடு ஒட்டிக்கொண்டு கணுக்கால் மடங்காது. இன்னொரு வழி, வேறு இடத்திலிருந்து சதையோடு ரத்தக் குழாயையும் எடுத்துவந்து மைக்ராஸ்கோப் வைத்துத் தைப்பது. பத்து மணி நேரம் மயக்கத்தில் கிடக்க வேண்டும், அப்பாவின் பீடியும் கால் ரத்தக் குழாய்களும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அதனால் ஷீட்.

இப்போது உங்கள் கேள்வி. அறுவைச் சிகிச்சை ஏப்ரல் 18-ல். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி நான்காம் நாள். எடுத்த சதையை ஓரம் ஓரமாகப் பார்த்து ரிப்போர்ட் வர ஒன்பது நாள் ஆனது. கணுக்கால் பக்கத்து ஓரத்தில் புற்று அணு வெட்டு விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று வந்தது. அன்றைக்கு அம்மா அழுத அழுகை வார்டு முழுக்கக் கேட்டது.

டாக்டர் அசையவில்லை. "இதுக்குத்தான் ஷீட் வச்சது" என்றார். அந்த ஓரத்தில் மட்டும் ஷீட்டை வெட்டி எடுத்து, அடியில் இன்னும் கொஞ்சம் சதையை எடுத்து, புதுத் துண்டு ஷீட்டை ஸ்டேப்ளர் பின் போட்டுப் பொருத்தினார். ஏப்ரல் 30. இந்தத் தடவை ஓரம் சுத்தம். முதல் நாளே தொடைச்சதையை வெட்டி வந்து தைத்திருந்தால், எந்த ஓரம் எங்கே போனது என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகியிருக்கும். ஷீட் காயத்தை மூடவும் செய்தது, கதவைத் திறந்தும் வைத்திருந்தது.

பிற்பாடு திரும்பி வந்தால் தெரியுமா? மெல்லிய தோலின் கீழ் சின்ன முடிச்சு விழுந்தாலும் விரலுக்குத் தட்டும். கனமான சதை வைத்து மூடினால் அது அடியிலேயே வளர்ந்துவிட்டுத் தாமதமாகத்தான் எட்டிப்பார்க்கும். அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலையும் தொடையிடுக்கில் நெறிகட்டி இருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். உம்மாவுக்கு கழுத்திலும் காதைச் சுற்றியும் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் 9, மதியம்

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தால் எல்லாம் டாக்டரின் புத்திசாலித்தனம் மாதிரி இருக்கிறது. அந்த ஒன்பது நாள் எங்களுக்கு எப்படிப் போனது என்பது அதில் இல்லை. சரி, விடுங்கள்.

ஆகஸ்ட் 12

ஒருவர் கேட்கிறார்: பஞ்சுதானே, சைக்கிள் சீட்டு பஞ்சை வைத்தால் என்ன, அதற்கு ஏன் இவ்வளவு விலை?

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. விஷயம் ஓட்டையின் அளவில் இருக்கிறது. யான்னஸ் கொலாஜன் ஷீட்டில் பார்த்தது, ஓட்டை ஏறக்குறைய 20 மைக்ரானுக்கும் 125 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடையில் இருந்தால்தான் வேலை நடக்கிறது. அதைவிடச் சின்னதாக இருந்தால் அணுக்கள் உள்ளே நுழையாது. பெரிதாக இருந்தால் பிடித்துக்கொள்ளப் போதிய சுவர் இருக்காது. நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்பாவிடம் சொன்னேன், "வலைக்கண் மாதிரியா" என்றார். வலை மடியில் கண் சரியில்லை என்றால் எல்லாம் ஓடிவிடும், இல்லை குஞ்சும் குப்பையும் சேர்ந்து வரும்.

இன்னொன்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காயத்தைச் சீக்கிரம் மூட வைக்கும் பொருளைத்தான் அவர்கள் தேடியிருக்கிறார்கள். கிடைத்ததோ காயம் சுருங்கி மூடுவதைத் தாமதப்படுத்தியது. தோல்வி என்று தூக்கிப் போடவேண்டியது. ஆனால் நம் உடம்பு பெரிய காயத்தை மூடும்போது புதுத்தோலை உண்டாக்குவதில்லை, சுற்றியுள்ள தோலை இழுத்துச் சுருக்கித் தழும்பாக்குகிறது. அந்த இழுப்பை ஷீட் தடுத்ததால்தான் தோலின் அடி அடுக்கு மாதிரி ஒன்று வளர நேரம் கிடைத்தது. அப்பாவின் பழைய தழும்பு எப்படி இருந்தது என்று பார்த்தவன் நான். சுருக்குக் கயிறு இழுத்த பை மாதிரி.

விலை? அறுவைச் சிகிச்சை முதல்வர் காப்பீட்டில் வந்தது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ஷீட்டுக்கு நாங்கள் தனியாகப் பணம் கட்டினோம். எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், அம்மாவுக்குச் சொன்ன தொகை வேறு. உங்களுக்கு எப்படி என்று காப்பீட்டு கவுன்டரில் முன்னாடியே கேளுங்கள், அட்மிட் ஆன பிறகு கேட்காதீர்கள்.

ஆகஸ்ட் 17

பத்தியம் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இதில் நான் குற்றவாளி.

புண் இருக்கிறவனுக்கு மீன் ஆகாது, கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, சீழ் பிடிக்கும். இதைச் சொல்லித்தான் வளர்ந்தோம். மீன் பிடிக்கிற வீட்டில் மீன் இல்லாமல் பதினைந்து நாள் ரசமும் இட்லியும். அம்மா மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுவருவாள் (அப்போது பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவைத்திருந்தார்கள், புதுப்பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது). அப்பா எட்டு கிலோ இறங்கினார். ரத்தப் பரிசோதனையில் புரதம் குறைவு. பிடிக்கப் பிடிக்க மாற வேண்டிய ஷீட்டின் நிறம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

டாக்டர் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். சொன்னோம். அவருக்குச் சிரிப்பும் வரவில்லை. "அந்த ஓட்டையெல்லாம் எதை வச்சு நிரப்பும்னு நினைக்கிறீங்க, ரசத்தை வச்சா?" என்றார். தினம் இரண்டு முட்டை, மீன், பருப்பு. நகரை மீன் கொண்டுவந்தேன், குழம்பில்லாமல் அவித்து. அப்பா முதல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு முழுங்காமல் அம்மாவைப் பார்த்தார், அனுமதி கேட்கிற மாதிரி.

மீன் ஒவ்வாமை உள்ளவர்கள் வேறு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரதக் கணக்கு வேறு. மற்றபடி, பத்தியத்தை நான் மறுபடி நம்ப மாட்டேன். அம்மா இன்னமும் நம்புகிறாள். கத்திரிக்காயை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 17, இரவு

பீடியை மறந்துவிட்டேன். பீடி, சிகரெட் பிடித்தால் சின்ன ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடும், ஏறி வர வேண்டியது அதே சின்னக் குழாய்கள்தான். அப்பா வார்டு பாத்ரூமில் பிடித்து மாட்டினார்.

ஆகஸ்ட் 24

மூன்றாம் வாரம் நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், என் பங்கும் அதில் உண்டு.

வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். காலில் கட்டு. அப்பா குளிக்க வேண்டும் என்று அடம். பாலிதீன் பை கட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் குளிக்க விட்டேன். மூன்று நாள் கழித்து ஒரு நாற்றம். மதுரையில் கட்டைப் பிரித்தால் ஒரு மூலையில் தாளின் அடியில் மஞ்சள் நீர் கோத்திருக்கிறது. தாளில் சின்னத் துளை போட்டு வடித்தார்கள், கழுவினார்கள், மருந்து மாற்றினார்கள். அந்தச் சதுர அங்குலம் பின்தங்கியது, மற்றது பிழைத்தது. கொலாஜன் வகையில் கிருமி ஏறினால் அது கொலாஜனையே தின்றுவிடும், மொத்த ஷீட்டும் போய்விடலாம். நுரை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் பிழைத்தோம், என் சாமர்த்தியத்தால் இல்லை.

நாற்றம் வந்தால், ஷீட் மேலே தூக்கினால், அடியில் தண்ணீர் ஆடினால், காய்ச்சல் வந்தால், மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

செப்டம்பர் 20

நாளை மகாளய அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் முங்கலாமா, ஷீட் வைத்து மூன்று வாரம் ஆகிறது, உப்புத்தண்ணீர் புண்ணைக் காயவைக்கும்தானே என்று பரமக்குடியிலிருந்து ஒருவர்.

வேண்டாம். வேண்டவே வேண்டாம். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமிக் கூட்டம் உண்டு. அதில் வல்னிஃபிகஸ் என்ற ஒன்று திறந்த புண் வழியாக ஏறினால் ஓரிரு நாளில் சதையைத் தின்று உயிரைக் கூட எடுக்கும், சர்க்கரையும் ஈரல் நோயும் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். உப்புக்குக் கிருமி சாகும் என்பது கருவாட்டுக்குச் சரி, அந்த அளவு உப்பு கடலில் இல்லை. கரையில் நின்று தர்ப்பணம் கொடுங்கள். கோவிலில் 22 தீர்த்தமும் வேண்டாம், தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். பித்ருக்கள் கோபிக்க மாட்டார்கள், அவர்களில் பாதிப்பேர் புண்ணோடு போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

செப்டம்பர் 28

யாரும் கேட்காத ஒன்று. தொடையைப் பற்றி எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

ஜூன் 6-ல் தோல் ஒட்டினார்கள். ஒட்டிய இடம் வலிக்கவில்லை. சீவிய தொடை எரிந்தது. சிமெண்ட் தரையில் விழுந்து சிராய்த்த மாதிரி, உள்ளங்கை அகலத்துக்கு, பத்து நாள். அதன் மேல் வெள்ளையாக, இழை இழையாக ஒன்றை வைத்தார்கள். ரத்தத்தை உறிஞ்சிக் கூழாகிவிடுகிறது. என்ன என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். ஆல்ஜினேட், கடல்பாசியில் செய்வது என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பாசி எடுத்தவள். துணியைக் கட்டி, விரலில் துணி சுற்றி, தீவுப் பக்கம் இறங்கி மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. ஆல்ஜினேட் எடுப்பது பழுப்புப் பாசியிலிருந்து, அதாவது கட்டக்கோரை, பக்கோடா பாசி இவற்றிலிருந்து. சாக்குக் கணக்கில் விற்றுவிட்டு வருவாள், எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. ஐஸ்கிரீமில் போடுவார்களாம் என்பாள். அப்பாவின் தொடையில் இருந்தது நம்மூர்ப் பாசி என்று சொல்ல வரவில்லை, எந்தக் கடலோ. ஆனாலும் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப கிலோவுக்கு இன்னும் கூடக் குடுத்திருக்கலாம்ல" என்றாள்.

அக்டோபர் 5

கீழக்கரை நண்பர் எழுதியிருக்கிறார். உம்மாவுக்கு செப்டம்பர் 11-ல் முடிந்தது. பெயர் கேட்டு வாங்கியிருக்கிறார், நுரை வகை. ஓரம் சுத்தம் என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. கதிர்வீச்சு தேவைப்படலாம் என்று இப்போது ஒரு பேச்சு வந்திருக்கிறதாம், அதைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்.

நியாயம். அப்பாவுக்குத் தேவைப்படாததால் என் புத்திக்கு வரவில்லை. தாமதமாகவேனும் எழுதுகிறேன். கதிர்வீச்சு பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் குறையும், அங்கே ஷீட் பிடிப்பது கஷ்டம். ஒட்டின மெல்லிய தோலின் மேல் கதிர்வீச்சு கொடுத்தால் புண் விழும் ஆபத்து உண்டு, அதிலும் அடியில் மண்டை ஓடு இருக்கும்போது. அதனால் கதிர்வீச்சு நிச்சயம் என்று தெரிந்த கேஸில் பல சர்ஜன்கள் முதலிலேயே சதையோடு மூடுவதை விரும்புவார்கள். உங்களுக்கு ஓரம் சுத்தம் என்பதால் அது வேண்டாம் என்றே முடிவாகலாம். வெட்டியவரையும் கதிர்வீச்சு டாக்டரையும் ஒரே நாளில் ஒரே அறையில் பேச வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் நீங்கள்தான் தூது போக வேண்டியிருக்கும்.

ஆகஸ்டில் நான் ஷீட்டைப் பற்றி எழுதியதில் ஒரு குஷி இருந்தது. இப்போது படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. எங்களுக்குப் பலித்தது, அவ்வளவுதான். மூட்டு திறந்து கிடந்தால், பெரிய ரத்தக் குழாய் வெளியே தெரிந்தால், சவ்வும் ரத்தக் கசிவும் இல்லாத எலும்பு அகலமாக வெளியே கிடந்தால், இது அதற்கான சாமான் இல்லை.

அக்டோபர் 12

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டவர்களுக்கு.

தடை முடிந்து படகுகள் இறங்கிய அன்று காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். விடியும் முன்னால் இஞ்சின் சத்தம் ஒவ்வொன்றாகக் கிளம்பியது. யார் படகு என்று சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டு வந்தார். "இந்தத் தடவை கடலுக்கும் காலுக்கும் சேர்த்துத் தடைக்காலம்" என்றார். அந்த வருடம் வேர்க்காட்டில் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு நின்றுகொண்டே பூசை பார்த்தார். அக்டோபரில் கடலுக்குப் போனார், நாட்டுப்படகில், விசைப்படகில் இல்லை.

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. நுரை கரைந்திருக்க வேண்டிய கணக்கு. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட ஒரு மாற்றுக் குறைந்த நிறம், கொஞ்சம் பள்ளம். முடி முளைக்கவில்லை, முளைக்காது. வியர்க்காது, அதனால் காய்ந்துபோய் அரிக்கும், இரவில் தேங்காய் எண்ணெய் தடவுகிறார். உணர்ச்சி பாதி. கொசு உட்கார்ந்தால் தெரியாது, எறும்பு கடித்தால் தெரிகிறது என்கிறார், எப்படி என்று எனக்குப் புரியவில்லை. வெயிலுக்குத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். கணுக்கால் மடங்குகிறது. படகில் உட்கார்ந்து வலை வாங்க அது போதும்.

அக்டோபர் 14

நிறத்தைப் பற்றிக் கீழக்கரை நண்பர் கேட்டதற்கு. எங்களிடமும் டாக்டர், ஷீட் பிடித்தால் சால்மன் மீன் நிறத்துக்கு வரும் என்றார். ராமேஸ்வரம் தீவில் சால்மனை யார் கண்டது? அப்பா தினம் அம்மாவிடம் கேட்பார், அம்மா என்னிடம் கேட்பாள். கடைசியில் தாளின் வழியாகப் பார்த்துவிட்டு அப்பாவே சொன்னார்: அவித்த இறால். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. முதலில் வெள்ளை, அப்புறம் ரத்தம் ஊறிக் கருஞ்சிவப்பு, அப்புறம் வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அவித்த இறால். விரலால் அமுக்கினால் வெளுத்து, விட்டால் மறுபடி சிவக்கும். அமுக்குவது டாக்டர் வேலை, நீங்கள் அமுக்காதீர்கள்.

அக்டோபர் 18

கீழக்கரை நண்பர் அனுப்பிய உம்மாவின் தலை போட்டோ பார்த்தேன். நடுவில் நல்ல இறால். இடது காது பக்கத்து ஓரம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கிறது, லைட் வெளிச்சமா, நிஜமா என்று போனில் தெரியவில்லை. திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கும்போது அந்த ஓரத்தை டாக்டரிடம் விரலால் சுட்டிக் காட்டுங்கள். போட்டோவை எனக்கு அனுப்புவதைவிட அது மேல், நான் ஐஸ் கம்பெனிக்காரன்.